குளிக்கும்போது நின்ற பாட்டு

மாத்திரைகளுக்கு வலிப்பு கட்டுப்படாததால், தர்மிலாவின் நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு கருவியொன்றை வைத்திருந்தார்கள். அது கழுத்திலுள்ள வேகஸ் நரம்புக்கு அவ்வப்போது மின்துடிப்பு அனுப்பும். அந்நேரம் குரல் கம்மிவிடும். வலிப்பு குறைந்தும், மகள் வெளியில் கேட்கும்படி பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டுமென்ற ஜீவராணியின் சட்டம் மாறவில்லை. நேற்றுப் பாட்டு நடுவில் நின்றது. ஜீவராணி கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். தலை நிறைய ஷாம்பு நுரையோடு முறைத்த மகள் அதற்குப் பிறகு தாயோடு கதைக்கவேயில்லை.

இன்று காலை, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் ஜீவராணி எழுதினாள்:

“மகள், இடியப்பமும் சொதியும் மூடி வச்சிருக்கன். சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடு. கருவி இருக்கெண்டு அதை விடக்கூடாதாம், டொக்டர் சொன்னவர். வெளியில போனா சாவியைப் பக்கத்து வீட்டு ஷபீகா அன்ட்டியிட்ட குடு.

நேற்று வலிப்பு எண்டு நினைச்சுத்தான் பாய்ஞ்சனான். குரல் கம்முமெண்டு நர்ஸ் சொன்னது அந்த நேரம் எங்க ஞாபகம் வந்தது? நீ முறைச்சுப் பார்த்தாய் பார், அப்பதான் எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு வேணுமெண்டாலும் முறை, மகள்.

நான் வந்த பிறகு குளி. தாழ்ப்பாள் மட்டும் போடாத. இனி எடுத்தவுடனே பாய மாட்டன்.”

கீழே இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“பாட்டை விட்டுடாத. உன்ட குரல் நிண்டா, அது திரும்பி வாற வரைக்கும் மிச்சத்தை நான் வெளியில இருந்து பாடுறன்.”