என்னுதும் உன்னுதும்

மார்ச் 4
இந்த மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது? நான் பத்து வாக்கியம் கத்தினால் இவர் இரண்டு வார்த்தையில் முடிக்கிறார். ஆட்டக்காரர்கள் சிரிக்கிறார்கள். பதினாறு வருடம் கோல்கீப்பராக நின்று கத்திய தொண்டை இது. இன்று வேறொரு நாட்டு அணிக்கே கோச்சாகி, ஊமை கண்ட கனவாக நிற்கிறேன்.

மார்ச் 9
ஒரு யோசனை. அடுத்து மோதப்போகும் அண்டை நாட்டிலும் இவர்கள் மொழிதான். நம் கோல்கீப்பர் கத்துவது எதிராளிக்கும் புரிந்துவிடும். எனவே தமிழில் கத்தட்டும். பந்தைத் தானே பிடிப்பதானால் "என்னுது". தடுப்பாட்டக்காரன் அடிக்கவேண்டுமானால் "உன்னுது". இரண்டே சொல். என் மூளையே மூளை.

மார்ச் 10
நெட்டையன் (கோல்கீப்பருக்கு நான் வைத்த பெயர்) இரண்டையும் "இன்னுது" என்கிறான்.

மார்ச் 13
இன்னும் இன்னுதுதான். வீட்டுக்காரியிடம் போனில் புலம்பினேன். "ரெண்டுக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம்? உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்றாள். இவளுக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும்? மாற்றவில்லை. தினமும் காலையில் ஐம்பது தடவை சொல்லவைக்கிறேன்.

மார்ச் 20
தோற்றோம். ஒன்று–பூஜ்யம். எண்பத்தெட்டாவது நிமிடம், சாதாரணப் பந்து. நெட்டையன் கத்தினான் — என்ன கத்தினானோ, அவனுக்கே வெளிச்சம். தடுப்பாட்டக்காரன் எடுப்பான் என்று இவன் நின்றான். இவன் எடுப்பான் என்று அவன் நின்றான். நடுவில் பந்து மெல்ல உருண்டு உள்ளே போயிற்று. ஏண்டா, கால் இல்லையா உங்களுக்கு? இப்படியா வேடிக்கை பாப்பீங்க?

மார்ச் 21
தகுதிச் சுற்றிலிருந்து வெளியே. கால்பந்துச் சங்கத் தலைவர் கூப்பிட்டார். கோல்கீப்பர்மேல்தான் தப்பு என்று நாளைக் கூட்டத்தில் நான் சொல்லவேண்டுமாம். சொன்னால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை. அவன் இனி நாட்டுக்காக ஆடமுடியாது.

நான் கடைசியாக ஆடிய இறுதிப் போட்டியிலும் இப்படித்தான் ஒரு கோல் விழுந்தது. கத்தினேன், தடுப்பாட்டக்காரன் காதில் வாங்கவில்லை என்று சொன்னேன். அதோடு அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் கத்தவே இல்லை. இதை இன்றுதான் எழுதுகிறேன்.

மார்ச் 22
கூட்டத்தில் நான் வாய் திறக்கும்முன் நெட்டையன் எழுந்தான். நெஞ்சைத் தொட்டு, "என்னுது" என்றான். சுத்தமாக. இத்தனை நாள் வராத 'எ' இன்றைக்கா வரவேண்டும்? எரிச்சலாக வந்தது.

"உக்காருடா. என்னுது" என்றேன்.

"என்னுது" என்றான் மறுபடியும்.

தலைவர் திருதிருவென்று விழித்தார். நான் மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினேன். "அந்த வார்த்தைய வச்சது நான். தப்பு என்னோடது. அப்படியே சொல்லுங்க, சுருக்காதீங்க."

முதல்முறையாக நான் சொன்னதைவிட அதிகம் பேசினார்.

மார்ச் 25
வேலை போயிற்று. ஊர் திரும்பக் காலை எட்டு மணிக்கு டாக்சி வந்தது. நெட்டையன் என் பெட்டியை மூன்று மாடி இறக்கினான். பத்து மணிக்கு அவனுக்குப் பயிற்சி இருக்கிறது. பெட்டியை டிக்கியில் வைத்து, அதைத் தட்டி, "உன்னுது" என்றான்.

துளிப் பிசகில்லை. அங்கேயே அழுதுவிடுவேன் போலிருந்தது.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.