இஸ்பேடு ஜாக்கி

ஆனையூர், மதுரை
10-3-1997

அன்புள்ள ரோகிணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. காபி குடித்தேனா என்பதையே டம்ளரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இவர் போய் ஐந்து மாதம். இவருடைய ஆபீஸ் நண்பர் பத்ரி அண்ணனை உனக்குத் தெரியும், காரியத்துக்கு வந்தபோது பேசினாயே. கோச்சடையில் அவர் வீட்டில் ஞாயிறு மதியம் நடக்கும் ரம்மிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு அழகுராஜா. நாலாவது நாற்காலி இவருடையது. இத்தனை வருஷமும் இவருக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் நான்.

பத்துப் பைசா பாயிண்ட். ஆறு ஆட்டத்திலும் தோற்றேன். எல்லோரும் என்னிடம் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறார்கள். ஆட்டத்திலாவது அப்படி இல்லாமல் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் நீ யாரையும் ஜெயிக்க விட்டதில்லையே, எனக்குச் சொல்லிக்கொடு.

பத்மாசினி


நாக்பூர்
19-3-1997

அடி பத்மா,

தோத்தாலும் போனியே, அம்புட்டுப் போதும்.

உன் தப்பு எனக்குத் தெரியும். ராஜாவையும் ராணியையும் விட மனசு வராமல் கடைசிவரை வைத்திருப்பாய். நாலு சுற்றில் சேராவிட்டால் தூக்கிப் போடு. எடுத்தவுடனே கை ஒட்டவில்லை என்றால் ஸ்கூட் சொல்லி விலகு. இருபதோடு போகும், எண்பது ஆகாது.

முக்கியமாக, உன் கையையே பார்த்துக்கொண்டிருக்காதே. உனக்கு அடுத்தவர் ஆட்டின் ஏழாம் சீட்டை எடுத்தால், ஆறையும் எட்டையும் நீ போடக் கூடாது. ஒருவர் கிளாவர் ஒன்பதைப் போட்டால், பெரும்பாலும் அதன் பக்கத்துச் சீட்டு அவரிடம் இல்லை. போடுவதை வரிசையாக மனதில் வை. கை தானாகத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ தைரியசாலி, நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் ரோகிணி


ஆனையூர்
14-4-1997

அன்புள்ள ரோகிணி,

நீ சொன்னபடிதான் ஆடுகிறேன். மூன்று வாரமாக ஜெயிக்கிறேன். "மதினி, எங்களுக்கு ஒரு ஆட்டமாச்சும் மிச்சம் வைங்க" என்கிறார் அழகுராஜா. நேற்று வீடு திரும்பும்போது பசித்தது. ஆறு மாதத்தில் பசி என்று தெரிந்து சாப்பிட்டது நேற்றுத்தான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. எனக்கு முன்னால் ஆடுபவர் பத்ரி அண்ணன். நான் ஏழை எடுத்தால் அடுத்த சுற்றில் எட்டைப் போடுகிறார். இருபது வருஷமாக ஆடுகிறவர். அவர் கையிலிருந்து எறும்புகூட வெளியே வராது என்று இவர் சொல்வார்.

பத்மாசினி


நாக்பூர்
23-4-1997

அடி பத்மா,

பசித்தது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன்.

பத்ரி அண்ணனுக்கு வயசாகிறது, கவனம் தப்பியிருக்கும். அதையெல்லாம் கிளறாதே. ஜெயிக்கிறாய், ஜெயித்துக்கொண்டே இரு.

உன் ரோகிணி


ஆனையூர்
5-5-1997

ரோகிணி,

போடுவதைப் பார் என்று சொன்னவள், கிளறாதே என்று எழுதியது எனக்கு ஒட்டவில்லை.

நேற்று வேண்டுமென்றே, எனக்குத் தேவையில்லாத இஸ்பேடு பத்தை எடுத்தேன். அடுத்த சுற்றிலேயே அண்ணன் இஸ்பேடு ஜாக்கியைப் போட்டார். நான் தொடவில்லை. அழகுராஜா டிக்ளேர் செய்தார், எல்லோரும் கையை விரித்தோம். அண்ணன் கையில் இஸ்பேடு ராணியும் ராஜாவும் தனியாக நின்றன. சேர்ந்திருந்த ரம்மியை உடைத்து எனக்குப் போட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். அழகுராஜாவுக்குப் புரியாது என்பதால் சீட்டு மேசையில் நாங்கள் மூவரும் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரம் பேசுவதில்லை. பேசினால் அது திருட்டாட்டம். அண்ணன் நேற்று அதில்தான் பதில் சொன்னார், தலை நிமிராமல். மார்ச் மாதமே அவருக்கு உன் கடிதம் வந்ததாம். கொஞ்ச நாள் அவளை ஜெயிக்க விடுங்கள், பிழைத்துக்கொள்வாள் என்று எழுதியிருந்தாயாம்.

நான் தமிழில்தான் சொன்னேன். "அண்ணே, இவருக்கு ஒரு ஆட்டமாச்சும் விட்டுக்கொடுத்திருக்கீகளா? எனக்கும் அப்படியே போடுங்க. இல்லாட்டி நான் வரலை."

அண்ணி சீட்டைக் கலைத்துப் போட்டார். அந்த ஆட்டத்தில் எனக்கு எண்பது. அண்ணன் ஒரு சீட்டுகூட விடவில்லை.

உன்மேல் கோபமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நல்லதுக்குத்தான் செய்தாய். ஆனால் இன்று காலை உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். நீ தைரியசாலி என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். அது நீ நினைப்பதா, எனக்காகப் போட்டதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷக் கடிதங்கள் இருக்கின்றன. மேலே படிக்காமல் கட்டி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோச்சடைக்குப் போகிறேன்.

பத்மாசினி