மஞ்சள் வேனின் வெற்றுப் பலகை

வார்னிஷ் வாசனை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. சன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடிக்கிறது, மூடினால் தலை வலிக்கிறது. பாதி திறந்துவைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு வருடம் தாமதமாக உனக்கு எழுதுகிறேன்.

மேசைமேல் நீ செய்த வேன் நிற்கிறது. உள்ளங்கை அகல மஞ்சள் வேன். அட்டையை வெட்டி, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சன்னல் கம்பியைக்கூட விடாமல் வைத்திருந்தாய். பெயர் எழுதும் நெற்றிப் பலகை மட்டும் வெறுமை. எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது கொண்டுவந்து நீட்டினாய்.

"உள்ள இருக்க ஆளுக்குப் பேரு வச்சதும் எழுத்த நீ போட்டுக்கோட்டி. பாடி என் வேலை, எழுத்து உன் வேலை. அதான நம்ம ஒப்பந்தம்?"

ஒப்பந்தம் நாம் கல்லூரித் தோழிகளாக இருந்த நாட்களில் போட்டது. நீ முதலில் செய்தது நாம் தினமும் தொங்கிக்கொண்டு போன தென்காசி–செங்கோட்டை பேருந்தை. அதன் பெயரைப் படம் எடுக்க, அது நின்று போகும் குற்றாலம் வரை போனோம். அருவியில் குளிக்க வந்த, எண்ணெய் தேய்த்த தலைகளுக்கு நடுவில் நான் ஃபோனைப் பிடிக்க, "இன்னும் கிட்டப் போ ஏட்டி, பஸ்ஸு கடிக்காது" என்று நீ முதுகில் தள்ளினாய். அந்தப் படத்தைச் சுருக்கி அச்சடித்தால், அழுத கண்ணின் மை போல எழுத்து கலங்கியிருந்தது.

அப்புறம்தான் படத்தைச் சுருக்குவதை விட்டேன். மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தையும் கோடும் வளைவுமாக நானே வரைந்தேன். அப்படி வரைந்ததை எவ்வளவு சுருக்கினாலும் ஓரம் மங்கவில்லை. ஆனால் அரிசி உயரத்துக்கு வந்ததும் சுழிகளில் மை அடைத்துக்கொண்டது. நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உன் ழகரம் கண்ண மூடித் தூங்குது" என்றாய். எழுத்தை மெலிய வைத்தேன், சுழிகளைத் திறந்துவிட்டேன். கண் விழித்தது. அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற கட்டத்தைக் கவனிக்காமல் விட்டு, எல்லாம் ஒரு நூல் சிறுத்துப்போய், முழு நாள் வேலை குப்பைக்குப் போனதும் உண்டு.

நனைத்து எழுத்தை உரித்து ஒட்டும் டிகால் தாளில் அச்சிட்டால் மட்டும் போதாது. தண்ணீரில் போட்டதும் மை கரைந்துவிடும். மேலே வார்னிஷ் அடித்துக் காயவைத்தால்தான் நனைத்ததும் எழுத்து மெல்லிய தோல் போல வழுக்கிக்கொண்டு வரும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது எளிது. நாமோ சாரல் பெய்யும்போது வார்னிஷ் அடித்தோம். காற்றில் இருந்த ஈரமெல்லாம் அதில் இறங்கி, தாள் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. நான் அழத் தயாரானேன். நீ தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பாரு, குத்தால மலை மேகம் நம்ம வீட்டுக்கே வந்துட்டு. டிக்கெட் போட்டுரலாமா?" என்றாய்.

பிறகு அதைச் சுரண்டப்போன என் கையைப் பிடித்தாய். "தொடாத. கிடக்கட்டும். வெயில் வந்ததும் லேசா இன்னொரு கோட்டு அடி, தெளிஞ்சிரும்." தெளிந்தது.

என் மகள் பிறந்து இரண்டாம் மாதம் நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். நான் வரவில்லை. வாசல்வரை வந்து செருப்புப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைக்கு எதையாவது கொண்டுவந்துவிடுவேனோ என்று பயந்து திரும்பவும் கழற்றினேன். போனில் நீயே சொன்னாய்: "வராதட்டி. உன் பயம் எனக்குத் தெரியாதா? பேரு என்ன வச்சிருக்க?" கயல்விழி என்றேன். "அய்யோ, அதுலயும் ழகரமா! சரி, கண்ணத் தொறந்து போடு." அதுதான் கடைசி. நீ போன பிறகும் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எழுத்துப் போடவில்லை.

கயலுக்கு இப்போது நாலு வயது. பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். வேன் கதவு சரியாகச் சாத்துமா, இறங்கும்போது பின்னால் வண்டி வந்தால் என்ன செய்வாள் என்று எனக்கு ஆயிரம் கேள்வி. அதற்குள் சாரலில் நனைந்து அவளுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் வேனில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் கேட்டாள்: "வேன்ல என் பேரு எழுதலையாம்மா? அதான் என்னய ஏத்த மாட்டுக்காங்களா?"

அலமாரியைத் திறந்தேன். திங்கட்கிழமை வேனில் போகலாம், அதற்கு முன் இந்தக் குட்டி வேனில் அவள் பெயரை எழுதுவோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். "பேரு எழுதுனாத்தான் போவேன்" என்று அவளும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

நீ என்னிடம் விட்டுவைத்த சாமான் டப்பாவில் ஒரே ஒரு டிகால் தாள்தான் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை வரைந்தேன், அச்சடித்தேன், அவசரத்தில் வெளியே பார்க்காமல் வார்னிஷும் அடித்தேன். வெளுத்துவிட்டது. அதே மேகம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு ஓரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெயர் கெட்டுவிட்டது, இன்னொரு தாள் வாங்க வேண்டும், வேனை அடுத்த வாரம் பார்க்கலாம். அந்த நிம்மதியை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அன்று செருப்பைக் கழற்றும்போது வந்ததும் இதேதான்.

தாளைத் தொடாமல் வைத்தேன். ஞாயிறு மதியம் சாரல் விட்டு, மாடியில் சுள்ளென்று வெயில் அடித்தது. லேசாக இன்னொரு பூச்சு அடித்துக் காயவைத்தேன். மேகம் விலகி ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. ழகரம் கண்ணைத் திறந்திருந்தது.

வெட்டித் தண்ணீரில் போட்டதும் கயல் விரலை நீட்டினாள். "நான் தள்ளட்டாம்மா?" கிழித்துவிடுவாளே என்று பதறினேன். ஒரு காலத்தில் நீ எனக்குச் சொல்லித்தந்ததை என் வாயே அவளிடம் சொல்வதைக் கேட்டேன்: "அதுவா வழுக்குற வரைக்கும் இழுக்காத. வழுக்கிட்டா கையை எடுத்துரு." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தள்ளினாள். பெயர் பலகையில் போய் உட்கார்ந்தது, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. நிமிர்த்தப்போன என் கையை மடக்கிக்கொண்டேன்.

இன்று காலை வேன் வந்தது. நான் ஹெல்மெட்டோடு நின்றேன். ஸ்கூட்டரில் பின்னாலேயே போவதாகத்தான் திட்டம். ஓட்டுநர் அண்ணாச்சி பார்த்துச் சிரித்தார். "என்ன தாயி, எஸ்கார்ட்டா? நாங்க ஸ்கூலுக்குத்தான் போறோம், பார்டருக்கு இல்ல." கயல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வராதம்மா. என் பேரு போட்டாச்சில்லா."

வராதே என்று நீயும் சொன்னாய். அன்று பயத்தில் நின்றுவிட்டேன். இன்றும் பயந்துகொண்டேதான் நின்றேன், ஆனால் அவளுக்காக நின்றேன். வேன் தெரு முக்கில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன்.

மூன்றரை மணிக்கு வந்துவிடுவாள். இதற்குள் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே, சிரிப்பாய். உன் டப்பாவில் இருந்த இடுக்கியை என் பேனாக்களோடு போட்டு வைத்திருக்கிறேன். புதிய டிகால் தாளுக்கும் சொல்லிவிட்டேன். நம் கதையைக் கேட்ட கயல், அடுத்து நாம் போன அந்தப் பேருந்தைச் செய்ய வேண்டும் என்கிறாள். பாடியை அவள் ஒட்டுவாளாம். எழுத்து என் வேலையாம்.