வெள்ளைக் குட்டி

ஆம்பூர்,
12-9-1956

மாமாவுக்கு,

கான்பூரில் தோல் வாங்கப் போன காரியம் முடிந்ததா? நீங்கள் கிளம்பிய மறுநாளே நம் நாய் ராணி குட்டி போட்டது. இப்போது எல்லாம் ஓடியாடுகின்றன.

டேனரி துரை விட்டுப்போன ஆட்டுமந்தை நாய். அதன் சாம்பல் புள்ளி நிறம் கெடக் கூடாது என்று வேலூர் வரை போய் அதே நிறத்தில் ஆண் நாய் தேடினீர்களே! சொந்தம் விட்டுப்போகாமல் என்னை உங்களுக்குக் கட்டிவைத்த அன்று வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த பெருமை அப்போது உங்கள் முகத்தில் இருந்தது.

நான்கு குட்டிகள் தாயைப் போலவே. ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தெருவே வந்து பார்த்தது. கூப்பிட்டால் அது மட்டும் திரும்புவதில்லை. மாட்டு டாக்டர் அதன் பின்னால் நின்று டப்பா மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"காது கேக்கலம்மா. தாய், தகப்பன் ரெண்டும் இந்தச் சாம்பல் புள்ளி நிறமா இருந்தா சிலது இப்படிப் பொறக்கும். தனித்தனியா பார்த்தா ரெண்டுக்கும் ஒரு கொறயும் இருக்காது."

"யார் மேல தப்பு சார்?"

"சேத்து வெச்சவங்கள கேளுங்க" என்று சிரித்தார்.

அவர் போனதும் அந்த மூடியை எடுத்துக்கொண்டு தொட்டிலருகே போனேன். நம் பாப்பா விழித்துக்கொண்டு, மேலே கட்டிய மரக்கிளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் நின்று தட்டினேன். மறுபடியும் பலமாகத் தட்டினேன். அவள் கிளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் குட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வரும்போது வாசலிலிருந்தே பாப்பாவைக் கூப்பிடாதீர்கள், மாமா. அவள் கண்ணெதிரே வந்து நில்லுங்கள்.

உங்கள் அக்கா மகள்