முனியப்பன் வேலில் கட்டிய ஆர்டர்

முனியப்பன் துணை

ஆட்டையாம்பட்டி அஞ்சல்,
சேலம் மாவட்டம்.
3.2.2025

மதிப்பிற்குரிய தண்டாயுதபாணி அண்ணன் அவர்களுக்கு, தங்கமுத்து அவர்களின் மனைவி உண்ணாமலை வணக்கத்துடன் எழுதுவது.

கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லையே தவிர, எழுதினால் குற்றமில்லை என்று இந்த வயதில் துணிந்துவிட்டேன். அப்படியும் நான் யாரென்று பிடிபடவில்லை என்றால், பட்டாளத்து யூனிட்டுக்கு டின் டின்னாகக் கை முறுக்கு அனுப்பினவள் என்றால் ஞாபகம் வரும். அதில் பாதி ஹெட் கிளார்க்கான உங்கள் மேசைக்கே போய்விடுகிறது என்று அவர் லீவில் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அங்கே தாங்களும் அண்ணியும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் பழைய செல் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. இந்திக்காரர் ஒருவர் எடுத்தார். மூன்றாம் தடவை திட்டியே விட்டார். உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகை வந்த கவரை எடுத்து வைத்திருந்தேன். அதில் இருந்த செகந்திராபாத் முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே எங்கள் மகள் கோகிலவாணி ஓமலூரில் டீச்சராக இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பையனுக்குப் பல் முளைத்துவிட்டது. பருத்தி இந்த வருஷம் சுமார்தான். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை அண்ணா.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவப் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். அதில் அவர் நாயப் சுபேதார் ஆன வருஷம் 2006 என்பதற்கு 2011 என்று ஏறியிருக்கிறது. சுபேதார் ஆனது மட்டும் 2010 என்று சரியாகவே இருக்கிறது. மகள் பிறப்பதற்கு முன்னாலேயே பேத்தி பிறந்த மாதிரி ஒரு கணக்கு. இதைப் பார்த்தால் ஏற்றினவர்கள் தப்பு என்று திருத்துவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை. நாயப் சுபேதார் ஆகாதவர் சுபேதார் ஆக முடியாது, ஆகவே அந்த நியமனம் செல்லாது; அது செல்லாது என்றால், ஓய்வு பெற்ற பிறகு 2015 குடியரசு தினத்தில் கொடுத்த கௌரவ லெப்டினன்ட் பதவியும் செல்லாது என்று கடிதம் வந்துவிட்டது. மார்ச் இருபதாம் தேதிக்குள் 2006 ஆர்டரைக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ரத்து.

யூனிட்டில் கேட்டால் பழைய ரெஜிஸ்டர்களைக் கெடு முடிந்து அழித்துவிட்டோம் என்கிறார்கள். பதிவு அலுவலகத்திலோ அந்த வருஷத்துக் கட்டே காணோம். கடைசியில் ஒரே ஒரு வழி சொன்னார்கள். அந்த ஆர்டரைத் தயார் செய்த ஹெட் கிளார்க் உயிரோடு இருந்தால் அவருடைய வாக்குமூலத்தை ஏற்போம் என்று. உயிரோடு இருந்தால் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அவர்கள் வாயில் நல்ல வார்த்தையே வராதா?

இது எப்படியோ ஊருக்குள்ளும் கசிந்துவிட்டது. கோயில் கமிட்டியில் அவரோடு முட்டிக்கொண்ட ஜெயபிரகாஷ் என்கிறவன், கும்பாபிஷேகக் கல்வெட்டில் பொய்யாக லெப்டினன்ட் என்று போட்டுக்கொண்டார் என்று ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் தன்மையானவர், நாற்காலி போட்டுத்தான் பேசினார். மார்ச் இருவது வரைக்கும் பொறுக்கறனுங்க ஐயா, அதுக்கு மேல கேசு போடாம இருக்க என்னால முடியாதுங்க என்றாராம். கல்வெட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார்கள். ஜெயபிரகாஷ் வீட்டு வாசலில் நின்று நான் பேசிய பேச்சை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வருஷா வருஷம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் யாரும் வரவில்லை. மனுஷன் விடியலில் எழுந்து, கோட்டுப் போட்டு, மெடல் எல்லாம் குத்திக்கொண்டு, பதினோரு மணி வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். வாசலில் இருந்த பெயர்ப் பலகையையும் கழற்றி அட்டாலிப் பரணில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். முப்பது வருஷம் ஒரு நாள் சவரம் தவறாதவர் இப்போது தாடியோடு இருக்கிறார். பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்து டப்பாவை நான் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குப் புரியும்.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். 2006 செப்டம்பரில் அவரை நாயப் சுபேதாராக நியமித்து ஆர்டர் போட்டது உண்மை என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் அனுப்புங்கள். நாலு வரி போதும். நீங்கள் தினமும் டைரி எழுதுகிறவர் என்று தெரியும். ஆனால் அதையெல்லாம் இந்த வயதில் பரணில் ஏறித் தேட வேண்டாம். அவருக்கான நகலை எங்கே அனுப்பினீர்கள், அது வந்ததா வரவில்லையா என்கிற பேச்சும் இதில் வர வேண்டியதில்லை. எதற்கு வீண் குழப்பம்?

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் பதிலைத் தபால்காரர் என் கையில் கொடுக்கும்படி சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தை அந்த முனியப்பன் காவல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
உண்ணாமலை


ஆட்டையாம்பட்டி அஞ்சல்,
4.3.2025

அண்ணா,

இந்தக் கடிதத்தின் தலையில் முனியப்பன் துணை என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. காரணம் படிக்கப் படிக்கத் தெரியும்.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை என்றதும், முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் கெஞ்சி உங்கள் புது நம்பரை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பேசினேனே, முதலில் அம்மிணி நல்லாருக்கீங்களா என்றுதான் கேட்டீர்கள். பிறகுதான் உங்கள் குரல் மாறியது. உங்க ஊட்டுக்காரரு எம்மேல என்ன எழுதிக் குடுத்துருக்காருன்னு தெரியுங்களா என்றீர்கள். ஆர்டர நான் அனுப்பவே இல்லைன்னு எழுதியிருக்காரு, எழுவத்திரண்டு வயசுல எங்கிட்ட வெளக்கம் கேட்டுக் கடுதாசி வந்துருக்குது, என்னோட சர்வீசுல ஒத்தப் பேப்பரத் தவறவுட்டவன் இல்லீங்க நானு என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கவில்லை.

அவர் அப்படி எழுதிக் கொடுத்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. கேட்டேன். ஆமாம் என்றார். ஊட்டுக்கும் வரல, ரெக்கார்டு ஆபீசுக்கும் போகல, அப்ப தண்டபாணி அண்ணன்தான புள்ள மறந்துருக்கோணும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் மேல் எழுதியது அவருக்கும் வலிக்கிறது.

நீங்கள் மறக்கவில்லை அண்ணா. நீங்கள் அனுப்பினீர்கள். அது வந்தது. தபால்காரர் காட்டிய இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

2006இல் அவர் பனிமலையில் காவல் போஸ்ட்டில் இருந்தார். ஆறு மாதத்துக்குக் கீழே இறங்க முடியாது என்று, அவருக்கான நகலை நீங்கள் வீட்டு முகவரிக்கே பதிவுத் தபாலில் போட்டீர்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது உங்களுக்கே தெரியும். எங்கள் முனியப்பனிடம் வேண்டியிருந்தேன்: இந்தத் தடவை பதவி கிடைத்தால் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து உன் வேலில் கட்டுகிறேன் என்று. இங்கே அது வழக்கம். லாரி வாங்கினவன் ஆர்.சி. புக்கைக் கட்டுவான், போர்வெல் ரிக் வண்டிக்காரன் பெர்மிட்டைக் கட்டுவான், பரீட்சை பாஸானவன் மார்க் ஷீட்டைக் கட்டுவான். எல்லாம் ஜெராக்ஸ்தான். எனக்கு மட்டும் புத்தி வேறு மாதிரி போயிற்று. கேட்டதைக் கொடுத்த சாமிக்கு நகலையா கொடுப்பது என்று, ஜெராக்ஸைப் பீரோவில் வைத்துக்கொண்டு முத்திரை போட்ட காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி வேலில் கட்டிவிட்டு வந்தேன். நெஞ்சு நிறைந்து வந்தேன் அண்ணா. அந்த ஜெராக்ஸையும் கறையான் தின்று பல வருஷம் ஆகிவிட்டது.

சம்பளம் கூடியது, தோளில் நட்சத்திரம் ஏறியது, யார் அந்தக் காகிதத்தைக் கேட்டார்கள்? அவரும் கேட்கவில்லை, நானும் மறந்தே போனேன். இந்த ஜனவரியில்தான் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். ஏம்புள்ள, தண்டபாணி அண்ணன் நம்மூட்டுக்கு ரிஜிஸ்தர்ல எதாச்சும் அனுப்பியிருந்தாரா என்று கேட்டார். இல்லீங்களே, வரலீங்களே என்றேன். முதலில் கோயிலில் போய்ப் பார்ப்போம், இருந்தால் எடுத்து வந்து கொடுத்துவிடலாம், அதுவரைக்கும் சமாளிப்போம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாளே ஓடினேன். பூசாரி பொன்னன் சிரிக்கிறார். அட என்னம்மிணி, வருசா வருசம் ஆடிக்கு முன்னால சீட்டெல்லாம் அவுத்து எரிச்சுப்போட்டுத்தானுங்க வேலுக்குப் பெயிண்டு அடிக்கறோம் என்கிறார். இருந்தாலும் அந்த வேலை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவிப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்துப் பெயிண்டுதான் கையில் தட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். நான் பயந்து சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் உங்கள் மேல் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் கடிதத்தில் டைரியைத் தேட வேண்டாம் என்றேனே, அது உங்கள் சிரமத்தை நினைத்து எழுதியதில்லை. உங்கள் மாமியார் தவறிய அன்றுகூட டைரி எழுதி முடித்துவிட்டுத்தான் நீங்கள் லீவு போட்டீர்கள் என்று அவர் சொல்வார். ஆர்டர் நம்பரை எழுதிய நீங்கள் பதிவுத் தபால் நம்பரையும் எழுதியிருப்பீர்கள். அதைப் பார்த்தால் என் குட்டு உடைந்துவிடும் என்கிற பயம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்களைக் குற்றவாளியாக்கி, அவரைப் பொய்யராக்கிவிட்டேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா அண்ணா?

போன வாரம் மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கே சந்தேகமா இருக்குது புள்ள, நெசமாலுமே நான் லெப்டினன்டு ஆனனா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாதவர் கேட்பது மாதிரி கேட்டார்.

இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. அந்த டைரிப் பக்கத்தை அனுப்புங்கள், தபால் நம்பரை மறைக்காமல் அனுப்புங்கள். நகல் என் கையில் வந்தது, தொலைத்தவள் நான், ஹெட் கிளார்க் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உங்களிடம் விளக்கம் கேட்டவர்களின் முகத்தில் அதை விட்டெறியுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. உறையில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை அவருக்கு டீ கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். கையில் இருப்பதை எடுத்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் டீயைக் குடிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு, தண்டபாணி அண்ணன் மேல எழுதிக் குடுத்துட்டனே என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து, உங்கள் மேல் எழுதியதை வாபஸ் வாங்குவதாகப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினார். அதன் நகலும் இதோடு இருக்கிறது.

இந்த உறையில் முகவரியை நான் எழுதவில்லை அண்ணா. என் கையிலிருந்து வாங்கி அவரே எழுதினார். எந்தக் கடிதமானாலும், மகளுக்கு மணியார்டர் ஃபாரமே ஆனாலும், அனுப்புநர் இடத்தில் முதலில் நம்பர், அடுத்து ரேங்க், அதற்குப் பிறகுதான் பெயர் என்று எழுதுவார். அவர் கை அப்படிப் பழகியது. இன்றைக்கு வெறும் தங்கமுத்து என்று எழுதியிருக்கிறார். உறையைக் கிழிக்கும் முன்பு ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

உங்கள் பெயருக்கு முன்னால் இருப்பது என்றென்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை,
உண்ணாமலை