உப்பு டின்னில் காரம்

டுரியான் துங்கால், மலாக்கா.
ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்பு மகன் கவிநேசனுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பார்த்துவிட்டேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அயர்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. எங்கள் நலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். அப்பா எந்நேரமும் என் பக்கத்திலேயே இருக்கிறார். நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வருவார். துணி காயப்போடப் போனால் கொடிக்குக் கீழே வந்து நிற்பார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது? மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசருகிறார். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா நல்லாத்தானேம்மா இருக்காரு, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு, அயர்லாந்து எப்படி இருக்குன்னு கேக்குறாரு, அப்புறம் என்ன, இந்தத் தீபாவளிக்கு வரலை, அடுத்த வருஷம் லீவைச் சேர்த்து எடுத்துக்கிட்டு வரேன் என்றாய். நானும் சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். சரி இல்லை, கவி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத் தகரம் ஒழுகியது. அடுத்த வீட்டு செலஸ்டின் ஆன்ட்டி ஆள் பிடித்துக் கொடுத்து அடைத்தாயிற்று. அவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஞாயிறு மாதா கோயில் போய்விட்டு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஏதாவது பலகாரம் கொண்டுவருகிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி அவளுக்கு நன்றி சொல்கிறார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். பிறகு எங்கள் வேலியோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

உனக்கு அந்தக் கைசேன் ஞாபகம் இருக்கிறதா? பத்து பெரெண்டாம் ஊர் ஜப்பான்காரன் ஃபேக்டரியில் உன் அப்பா லைன் லீடர் ஆன புதிது. தினமும் கொஞ்சம், தினமும் கொஞ்சம் என்று வேலையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள், அதற்குத்தான் கைசேன் என்று பெயராம். இவர் வீட்டுக்கு வந்து கைசேன் சொல்ற மாதிரி செய்யணும், கைசேன்படி இது தப்பு என்று ஆரம்பித்துவிட்டார். நான் கைசேன் என்பது யாரோ சீன சூப்பர்வைசர் பெயர் என்று நினைத்தேன். என் அடுப்படியில் கை வைக்க அவன் யார், ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, நான் கேக்குறேன் என்று சண்டைக்கு நின்றேன். உன் அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதற்கப்புறம் அவர் எதை இடம் மாற்றினாலும் நீயும் நானும் கைசேன் வந்துட்டான் லா என்று கேலி செய்வோம்.

கேலி செய்தாலும் மனிதர் விடவில்லை. குனிந்து எடுக்கிற அரிசியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தார். சாவிக்கு ஆணி, குடைக்கு ஆணி. டின்களில் எல்லாம் கொட்டை எழுத்தில் மலாயில் பெயர் எழுதி ஒட்டினார், ஃபேக்டரியில் அப்படித்தானாம். பின்கதவுப் பக்கச் சுவரில் சுத்தியல், குறடு, ரம்பம் ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்புப் பெயின்டில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அந்தச் சாமானை மாட்டினார். சுத்தியல்தான் அங்கே தொங்குதே, அதுக்குப் பின்னாடி படம் எதுக்கு என்று நான் கேட்டேன். இருக்கிறதைப் பாக்கிறதுக்கு இல்லம்மா, எது இல்லையோ அது பளிச்சுன்னு தெரியணும், அதுக்குத்தான் என்றார். அப்போது எனக்கு அதுவும் ஒரு கிறுக்காகத்தான் பட்டது.

டாக்டர் மறதி நோய் என்று சொன்ன பிறகும் ரொம்ப நாள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் வீட்டை அப்படி அமைத்து வைத்திருந்தார். கை தானாகவே போய் எடுத்துக்கொள்ளும். போன பொங்கலுக்குப் பிறகு நடந்த அந்த உப்புக் கதையை நான் உனக்கு வாய்ஸ் அனுப்பினேன், நீயும் சிரித்துப் பதில் போட்டாய். காலையில் தானே முட்டை பொரித்து மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடுவது அவர் பழக்கம். அன்றைக்கு ஒரு வாய் வைத்தவர் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். டின்னுல காரம்னு எழுதி வெச்சிட்டு உள்ளே உப்பைக் கொட்டி வெச்சிருக்கியே, எவன் செஞ்ச வேலை இது என்று. டின்னில் இருந்தது அவர் எழுத்துதான். மலாய்க்காரர்கள் உப்பைச் சொல்கிற 'காராம்' என்ற சொல் நம் நாக்கில் காரமாகிவிடுகிறது என்று சின்ன வயதில் நீ கேலி செய்வாயே, அதே சொல். அதைத் தமிழாகப் படித்திருக்கிறார்.

நாம் சிரித்தோம். அதில் என்ன போயிருக்கிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சீனப் பெருநாள் லீவில் ஒருநாள் காலையில் பழைய ஃபேக்டரிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற வேனுக்கு நிற்கிறேன் என்று பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணவில்லை. டேம் பக்கம் நடந்துகொண்டிருந்தவரை ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டாரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் எங்களைப் பார்த்த முகமாம். வீடு எங்கேன்னு மலாயில எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தேன், இவரு தமிழ்லயே பதில் சொல்லிக்கிட்டு வராரு என்று அந்த மனிதர் வருத்தத்தோடு சொன்னார். லைனில் இருந்த மலாய்ப் பெண்களுக்கெல்லாம் வேலை சொல்லிக் கொடுத்த வாய், கவி. அவர் பேசுவதைக் கேட்டு மலாய்க்காரர்களே அசந்து போவார்கள். வீட்டில் பேச வேண்டிய அவசியம் இல்லாததால் அது போனதே எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் அதற்கும் முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான்தான் கைசேன். மலாய்க் காகிதத்தையெல்லாம் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டினேன். உப்பு, சீனி, காப்பி, குளியலறை, கட்டில். எல்லாச் சட்டைக் காலருக்குள்ளும் என் போன் நம்பரைத் தைத்தேன். கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வேன் இங்கே வரும் என்று எழுதி மாட்டினேன். காலையில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்து முடிப்பதற்குள் வேன் மறந்துபோகும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். உன் அப்பாவுக்கு நல்ல ஞாபகம் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

பிறகு தமிழும் தடுமாற ஆரம்பித்தது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறார். சில நாள் அதுவும் இல்லை. குளியலறை என்று எழுதிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே உடுத்தியதை நனைத்துக்கொண்டார். நான் திட்டவில்லை. என்னவோ அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று பின்கதவைத் துடைக்கும்போது பார்த்தேன், சுத்தியல் அதன் உருவத்தின் மேலே சரியாகத் தொங்குகிறது. முதல் நாள் அவர் கையில் இருந்த சுத்தியல்தான், நான் மாட்டவில்லை. எழுத்துப் போனாலும் உருவம் நிற்கிறது போலிருக்கிறது என்று பட்டது. உட்கார்ந்து படம் வரைந்தேன். காப்பி டின்னில் கோப்பை, குளியலறைக் கதவில் வாளி. என் படத்தைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், வாளி அண்டா மாதிரி இருக்கும். ஆனால் அவருக்குப் புரிகிறது.

அவர் செய்த கைசேனும் நான் செய்வதும் ஒன்றில்லை, கவி. அவர் செய்ததில் வீடு நாளுக்கு நாள் நன்றாக வந்தது. நான் இறங்கிக்கொண்டிருக்கிற ஆளுக்குப் படியைச் சின்னது சின்னதாக ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். படி எத்தனை சின்னதானாலும் அவர் இறங்குவது நிற்கவில்லை. சில நாள் எனக்கு அலுத்துப் போகிறது. அழுகையும் வருகிறது.

இனி எழுதப்போவதைப் படித்து நீ மனம் உடையக்கூடாது. நாம் பேசும்போது போனை நிறுத்தி வைக்கிறேனே, அதற்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். கவிநேசன், மகன், அயர்லாந்து என்று பெரிதாக எழுதியிருக்கும். உன் முகம் வந்ததும் அவர் அதைப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் உன்னோடு பேசுகிறார். உன் மனம் நோகக்கூடாதே என்று செய்தேன். அவரும் யாரிடமும் அசடு வழியாமல் பேசட்டும் என்று செய்தேன். நான் ஒட்டிய காகிதத்தைக் கேட்டுவிட்டுத்தான் நீ பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடுவில் காற்றாடிக் காற்றில் அந்தக் காகிதம் கீழே விழுந்துவிட்டது. நீ என்னவோ கேட்டாய். அப்பா உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம்பி, நீங்க எங்கே வேலை செய்றீங்க என்று கேட்டார். அப்பா இன்னும் கிண்டலை விடலை என்று நீ சிரித்தாய். நான் குனிந்து காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் உன்னை 'நீங்க' என்றார், கவி. பிறந்ததிலிருந்து உன்னை வாடா போடா தவிர வேறு சொல்லாத மனிதர்.

உன் போட்டோவைக் காட்டிப் பார்த்தேன். யாரு இது, லட்சணமா இருக்கே பையன் என்கிறார். உப்புக்கும் காப்பிக்கும் அடுத்தது என்ன செய்யலாம் என்று யோசித்து வைத்துவிட்டேன். உனக்கு மட்டும் படம் உதவவில்லை, சுவரில் இருக்கிற அந்த எழுத்துத்தான் இருக்கிறது. அதுவும் அவருக்குப் போய்விட்டால், அந்த இடத்தில் ஒட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்டால், அவர் கை உன் தலையில் பட்டால் ஏதாவது ஆகுமோ என்று ஒரு நப்பாசை. ஆகாமலும் போகலாம். ஆகும் என்று உனக்கு நான் சத்தியம் செய்து தர முடியாது. ஆனாலும் அடுத்த வருஷம் என்ன, தீபாவளி வரைக்கும்கூடக் காத்திருக்காதே. லீவு கிடைக்கிற அன்றைக்கே கிளம்பு. கேட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உன்னை யாரோ என்று எழுந்து நின்று கும்பிட்டால் கோபித்துக்கொள்ளாதே. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டார். போனில் பேசுமே அந்தத் தம்பி, அவருக்குத்தான் கடிதம், நீங்கள் என்ன எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தத் தம்பி நல்ல பையனா தெரியுது லா, ஞாயித்துக்கிழமையானா நம்மகிட்டயே பேசிக்கிட்டு இருக்கு, அவங்க வீட்டுல அப்பா அம்மா தேடமாட்டாங்களா, பொழுதோட வீட்டுக்குப் போகச் சொல்லு என்றார்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ நீடு வாழ வேண்டும். அப்பா பேச்சைத் தட்டாமல் வீட்டுக்கு வந்து சேர், ராஜா.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா