பெரியப்பா அழித்து எழுதிய பதில்கள்

அன்புள்ள பெரியப்பா,

இன்று பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் என் தோழி சீட்டாட்டத்தில் ஜெயித்துவிட்டாள். திரையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தன. அவள் கைதட்டினாள். எனக்கோ உங்கள் ஆபீஸ் நாற்காலியும் அதன் முதுகில் விரித்திருந்த வெள்ளைத் துண்டும் ஞாபகத்துக்கு வந்தன.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். லீவு நாள், வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. புதிதாக வந்த கம்ப்யூட்டரைக் காட்டத்தான் என்று நினைத்தேன். "ஒரே ஒரு ஆட்டம், அம்முணி" என்று திரையில் சீட்டுகளைப் பரப்பினீர்கள். கையோடு கொண்டுவந்த கதைப்புத்தகத்தை நான் முழுக்கப் படித்து முடித்த பிறகும் அந்த ஒரு ஆட்டம் முடியவில்லை. பெரியம்மாவிடம் சொல்லாதே என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்தக் கேள்வித்தாள் வந்தது. பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்திருந்தார். குடியும் புகையிலையும் மட்டுமல்ல, சூதாட்டமும் விளையாட்டும்கூட ஒருவரை விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்றார். அதை முன்னதாகவே தெரிந்துகொள்ளப் பத்துக் கேள்விகள். மூன்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். "தனித்தனியாகக் கேளுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனால் நம் வீட்டில் யாரை எப்போது தனியாகக் கேள்வி கேட்டிருக்கிறோம்? டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் உங்கள் கீழ்வீட்டு ஹாலில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தியில் இருந்ததைத் தமிழாக்கி உரக்கப் படித்தேன்.

"விளையாட்டில் செலவழிக்கும் நேரத்தை வீட்டாரிடம் மறைத்ததுண்டா?"

"அவரா? எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு" என்றார் பெரியம்மா.

"நிறுத்த நினைத்தும் முடியாமல் போனதுண்டா?"

"விளையாட அவருக்கு நேரமேது? ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ்லயே கிடக்கறாரு. இல்லைன்னு போடு அம்முணி. ஜல்தி போடு, டீ ஆறுது."

பத்துக்கும் பெரியம்மாவே பதில் சொன்னார். பத்தும் 'இல்லை'. நீங்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததை அங்கே சொல்லவும் முடியவில்லை, பென்சிலால் 'இல்லை' என்று எழுதவும் கை வரவில்லை. ஆனாலும் எழுதினேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில், மஃப்ளரும் பால் தூக்குமாக என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"அந்தப் பேப்பரு குடுத்தாச்சா?"

"இனிமேதான் பெரியப்பா."

"ரப்பர் வெச்சிருக்கியா?"

பார்க் சுவரின் மேல் தாளை வைத்து அழித்தீர்கள். நிதானமாக ஒவ்வொன்றையும் படித்து மறுபடி எழுதினீர்கள். ஏழு 'ஆம்'.

"பெயில்தானே?"

"இது பரீட்சை இல்ல பெரியப்பா. இத்தனை வந்தா டாக்டர்கிட்டப் பேசணும்னு கீழே போட்டிருக்கு. வியாதியா இல்லையான்னு பேப்பர் சொல்லாதாம், அவர்தான் சொல்லணுமாம்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு தாளைப் பார்த்தபடியே, "ரெண்டு தடவை நிறுத்திப் பாத்தேன், முடியல. உங்க பெரியம்மா வாராவாரம் தனியா உக்காந்திருக்கா. இத நான் வெச்சுக்கறேன். அவகிட்ட நானே சொல்லணும்" என்றீர்கள்.

நான் இரண்டு பேரின் பதில்களை மட்டும் கொடுத்தேன். டீச்சர் மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைந்த மதிப்பெண்ணுக்கு நான் அழாதது அந்த ஒரு முறைதான்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் குரல் மாடியில் எங்கள் வீடு வரை கேட்டது. "ஏனுங்க, சீட்டாடறதுக்கா நான் வாராவாரம் டிபன் கேரியர் கட்டிக் குடுத்தேன்?" இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள், டாக்டரிடம் போக உங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றதும் அவர்தான்.

ஒரேயடியாக விட்டுவிடவில்லை நீங்கள். நடுவில் இரண்டு முறை ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே "இன்னிக்குப் போயிட்டேன்" என்றீர்கள். பெரியம்மா "அச்சா, உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னார். மற்ற ஞாயிறுகளில் அதே டிபன் கேரியரோடு இருவரும் பஸ் பிடித்து ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனீர்கள். அப்படி இரண்டு வருடம், நீங்கள் இருந்த கடைசி ஞாயிறு வரை போனது. "அத்தனை ஞாயித்துக்கிழமைய எனக்குக் குடுத்துட்டுத்தான் போனாரு" என்று பெரியம்மா இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிகிறது.

நான் இப்போதும் நிறையக் கேள்வி கேட்கிறேன், பெரியப்பா. ஆனால் முதல் பதில் வந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. நேற்றுப் பள்ளி விட்டு வந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். நாலு பக்கம் போனது.

"இல்ல அம்முணி, இன்னும் சாப்பிடல" என்றார் பெரியம்மா. "மாவு இருக்குது. ரெண்டு பேருக்கும் தோசை ஊத்தட்டுமா?"